செல்லோ கற்கும் குழந்தையும் நம் ஸ்வரங்களும்

வீட்டில் ஒரு குழந்தை வயலின் கற்றுக்கொள்கிறாள் என்றால் எங்கள் திலக் நகரில் யாரும் வியப்பதில்லை. என் பெண் வயிற்றுப் பேத்தி செல்லோ கற்றுக்கொள்கிறாள் என்றால் மட்டும், "அது என்ன ஸார், இவ்வளவு பெரிய வயலின்?" என்று லிஃப்டில் கேட்கிறார்கள். லிஃப்டில் பாதி இடத்தை அதுவே அடைத்துக்கொள்வதால் அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. அவர்களுக்குச் சொன்ன பதிலையும், அந்த வாத்தியத்தின் விஷயத்தில் நான் செய்த ஒரு பெரிய தவறையும் வாசக அன்பர்களுக்காக எழுதுகிறேன். நான் சங்கீத வித்வான் அல்ல. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற டிப்ளமோ இன்ஜினியர். அளவுகோல்தான் எனக்குத் தெரிந்த வாத்தியம்.

செல்லோவுக்குத் தந்திகள் நான்கு. தடித்த தந்தியில் தொடங்கி மேற்கத்தியக் கணக்கில் ஸி, ஜி, டி, ஏ. நம் கணக்கில் ஒரு கட்டை சுருதியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், விரல் வைக்காமலே அவை ஸ, ப, ரி, த என்று பேசும். தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 65 முறை அதிரும், மெல்லிய தந்தி 220 முறை. ஆண் குரலின் பரப்பு ஏறக்குறைய முழுவதும் இதற்குள் அடங்குவதால்தான் செல்லோ 'பேசுகிறது' என்கிறார்கள்.

வயலினுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு தந்தியின் நீளம். வயலினில் மேல் மேட்டுக்கும் குதிரைக்கும் இடையே சுமார் 33 செ.மீ.; முழு அளவு செல்லோவில் சுமார் 69 செ.மீ. ஸ-விலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்குத் தந்தியில் ஒன்பதில் ஒரு பங்கு போக வேண்டும். வயலினில் அது மூன்றரை செ.மீ.க்குச் சற்று அதிகம். செல்லோவில் ஏழரைக்கும் மேல். மத்யமத்துக்கு நாலில் ஒரு பங்கு, அதாவது 17 செ.மீ. எந்தக் கை அவ்வளவு விரியும்? எனவே செல்லோவில் விரல் நீள்வதைவிட கை முழுவதுமாக நகர்வதே முக்கியம். மேலே போகப் போகக் கட்டை விரலே பின்புறம் விட்டு முன்னால் வந்து தந்தியின் மேல் உட்காரும். இது தெரியாமல் விரலை விரிக்கச் சொல்லிக் குழந்தையை வற்புறுத்தினால் மணிக்கட்டு வலிக்கத்தான் செய்யும்.

இனி என் தவறுக்கு வருகிறேன். பேத்திக்கு வயது பதினொன்று, அவளுடையது அரை அளவு செல்லோ. டேப்பை வைத்து அளந்தேன்: தந்தி 57 செ.மீ. ரயில் பெட்டியின் ஓர் அச்சில் இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 1600 மில்லிமீட்டர். இரண்டு கூடலாம், ஒன்று குறையலாம், அவ்வளவே. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன், குழந்தை 'தடவித் தடவி' ஸ்வரம் தேடுவதைப் பொறுக்க முடியாமல், கணக்குப் போட்டு விரல் பலகையில் மெல்லிய வெள்ளைப் பட்டைகளை ஒட்டிவிட்டேன். தொடக்கத்தில் ஆசிரியர்களும் ஒட்டுவதுண்டு. ஆனால் நான் போட்டது நம் ஸ்வரக் கணக்கு. அந்தர காந்தாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு, 114 மில்லிமீட்டர். அவள் வகுப்பிலோ துணைக்கு வாசிப்பது பியானோ. பியானோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கிக்கொண்ட வாத்தியம். அதன் காந்தாரம் சற்று மேலே நிற்கும். அதே தந்தியில் அது 117.6 மில்லிமீட்டரில் வரும். வித்தியாசம் மூன்றரை மில்லிமீட்டர்தான்!

வீட்டில் சுருதிப் பெட்டியோடு வாசித்தால் சரி, வகுப்பில் பியானோவோடு வாசித்தால் கீழே. அங்கே திருத்திக்கொண்டு வந்தால் இங்கே நான் "கோட்டைப் பார், கோட்டைப் பார்" என்பேன். ஒரு நாள், "தாத்தா, எந்தக் கோடு கரெக்ட், உங்களுதா மிஸ்ஸோடதா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாளிலிருந்து பெட்டியைத் திறக்கவே மறுத்தாள். ஒரு மாதம் அந்தக் கறுப்புப் பெட்டி சோபாவுக்குப் பின்னால் நின்றது. அந்த ஒரு மாதம் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை என்று சொன்னால் மிகையில்லை.

அந்த நாட்களில்தான், இந்த வாத்தியத்தோடு நம் நாட்டுச் சங்கீதத்துக்குள் வந்தவர்கள் எப்படிக் கற்றார்கள் என்று தேடிப் படித்தேன். முதலில் கிடைத்த செய்தியே என்னை வெட்கப்படுத்தியது. ருத்ர வீணை மேதை ஜியா மொஹியுத்தீன் டாகர் (1929–1990) வாழ்ந்தது நம் செம்பூரில். நான் திலக் நகரிலிருந்து தினம் ரயிலேறி வேலைக்குப் போய்வந்த காலத்தில், ஒரு ஸ்டேஷன் தள்ளி அவர் இருந்திருக்கிறார்! அவருடைய சிஷ்யை நான்ஸி லெஷ் குல்கர்ணி, மேற்கத்திய முறையில் செல்லோ பயின்ற அமெரிக்கர். நாற்காலியை விட்டுத் தரையில் அமர்ந்து, அதே செல்லோவில் துருபத் ஆலாபனை வாசிக்கப் பழகியவர். குரு வாசிப்பது மீட்டும் வீணை, சிஷ்யை கையில் வில் வாத்தியம். விரல் முறையில் எதைச் சொல்லிக்கொடுப்பது? டாகர் பெரும்பாலும் பாடியே கற்பித்தார். தம்பூராவின் ஸட்ஜத்தில் குரல் நிற்க வேண்டும். அது நின்றபின் கை தானே இடத்தைத் தேடிக்கொள்ளும். தாளமில்லாத மெதுவான ஆலாபனையில், மந்தர ஸ்தாயியின் ஒரு ஸ்வரத்தையே நெடுநேரம் சுற்றிச் சுற்றி வருவது அந்தப் பரம்பரையின் வழக்கம்.

டாகர் தம் வீணையின் தண்டையும் குடங்களையும் பெரிதாக்கிச் செய்வித்துக்கொண்டவர் என்பது என்னைப் போன்றவனுக்குக் கூடுதல் சந்தோஷம். நாதம் நீண்டு நிற்க வேண்டும் என்பதற்காகக் கருவியை மாற்றினாரே தவிர, ஸ்வரத்துக்குக் கோடு போடவில்லை.

இன்னொருவர் நெதர்லாந்தைச் சேர்ந்த சாஸ்கியா ராவ் டி ஹாஸ். ராட்டர்டாம் இசைக் கல்லூரியில் புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராஸியாவின் மாணவி. 1994-இல் இந்தியா வந்தார். நம் மும்பையின் வயலின் வித்வான் டி.கே. தாதாரிடமும் பாடம் கேட்டவர். தரையில் உட்கார வசதியாகச் சிறிய உடலும், ஐந்தாவதாக ஒரு தந்தியும், அடியில் பத்து அனுதாபத் தந்திகளும் கொண்ட ஓர் இந்தியச் செல்லோவையே செய்வித்தார். டில்லியில் சிதார் கலைஞரான கணவர் சுபேந்திர ராவுடன் சேர்ந்து, சின்னக் குழந்தைகளுக்குப் பாட்டும் விளையாட்டுமாக இந்திய சங்கீதம் சொல்லித்தரும் பாடத்திட்டம் ஒன்றும் வகுத்திருக்கிறார். கச்சேரி மேடையில் பெயர் எடுத்தவர் ஆரம்பப் பாடத்துக்கு இறங்கி வருவது சுலபமல்ல. நம் வித்வான்களில் பலர் அதைக் கௌரவக் குறைவாக நினைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சென்னையிலும் செல்லோ புதிதல்ல. திரைப்படப் பாடல்களில் நாம் கேட்டுக் கரைந்த கனத்த நாதம் பல சமயம் அதுவே. வி.எஸ். நரசிம்மன் 1993-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட்டில் வி.ஆர். சேகர் செல்லோ வாசித்தார். நம் கீர்த்தனைகளையே நான்கு வில் வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதி வாசித்த குழு அது. நம் ஸ்வரமும் மேற்கத்திய ஸ்வரமும் ஒரே வாத்தியத்தில் இருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒரு ஞாயிறு காலை, பேத்தி பார்க்கவே பட்டைகளை உரித்தேன். பசை மட்டும் போகவில்லை; தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம் என்று போனபோது, "தாத்தா, மரத்துல எண்ணெய் படக்கூடாது" என்று அவளே தடுத்தாள். அந்த ஒரு மாதத்தில் செல்லோவைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை அது.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்து முதலில் பாடுகிறோம். என் குரல் கேட்கச் சகிக்காது, ஆனாலும் பாடுகிறேன். பிறகு அவள் அதே ஸ்வரத்தைத் தந்தியில் தேடுகிறாள். கிடைத்ததும் வில்லை நீளமாக இழுத்து நிறுத்துகிறாள். சுருதியோடு அலை அடிக்காமல் சேர்ந்தால் அவளே தலையாட்டுகிறாள், நான் வாயைத் திறப்பதில்லை. வகுப்புக்குக் கிளம்பும் முன் கைபேசியில் பியானோவின் அதே ஸ்வரத்தைப் போட்டு, அங்கே காந்தாரம் எவ்வளவு மேலே ஏறுகிறது என்று கேட்டுக்கொள்கிறாள். "மிஸ் வீட்டு கா, நம்ம வீட்டு கா" என்று பெயர் வைத்திருக்கிறாள். இரண்டையும் தேவைக்கேற்ப வாசிக்கிறாள். அவள் ஆசிரியையிடம் என் கணக்கையும் அதன் விளைவையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, தினம் கால் மணி நேரம் பாடும் வழக்கத்தை நிறுத்தவேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

செல்லோ வாங்க எண்ணும் பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. அடியில் உள்ள இரும்பு முனை நம் டைல்ஸ் தரையில் வழுக்கும். நாற்காலிக் காலில் கட்டிய ஒரு பட்டை வார் போதும், நான் பழைய பெல்ட்டில் செய்து கொடுத்திருக்கிறேன். மும்பை மழைக்காலத்தில் மரம் ஊறி முறுக்காணிகள் இறுகிக்கொள்ளும். ஸ்பானர் எடுக்காதீர்கள், தந்தியை மெல்லத் தளர்த்தி, ஆணியைச் சற்று வெளியே இழுத்து, பென்சில் தூள் தொட்டு மறுபடி பொருத்தினால் சரியாகிவிடும். ஒரே நேரத்தில் நான்கையும் தளர்த்திவிட்டால் குதிரை விழுந்துவிடும். அதுவும் எங்கள் வீட்டில் நடந்ததுதான்.