சாவியை எடுத்த பின்னும் நிற்காத எஞ்சின்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடியிருப்பில் நடந்த சம்பவம் இது. கோடை விடுமுறைக்குக் குடும்பத்துடன் ஊருக்குப் புறப்பட இருந்த நண்பர், தம் பழைய டீசல் காருக்கு ஆயில் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். காலையில் ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்தில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலேயே எஞ்சின் வேகம் பிடித்து அலறத் தொடங்கியது. பின்னால் அடர்ந்த புகை. நண்பர் சாவியைத் திருப்பி எடுத்தே விட்டார். எஞ்சின் நிற்கவில்லை! பானெட்டைத் திறக்கப் போனவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். சற்று நேரத்தில் பெரிய சத்தத்துடன் எஞ்சின் உடைந்து நின்றது. உள்ளிருந்த கனெக்டிங் ராடு இரும்புச் சுவரைத் துளைத்து வெளியே வந்திருந்தது.

இதை 'ரன்அவே' என்பார்கள். அரிதாகவே நடப்பது, ஆனால் டீசல் கார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஏன் நிற்பதில்லை?

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைக் கொளுத்துவது ஸ்பார்க் பிளக். மின்சாரத்தை நிறுத்தினால் எஞ்சின் நின்றுவிடும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைச் சுமார் 16 முதல் 20 மடங்கு வரை அமுக்கும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. அதில் தெளிக்கப்படும் டீசல் தானே தீப்பற்றிக்கொள்கிறது. டீசல் வருவதை நிறுத்துவதுதான் சாவியின் வேலை. வேறு வழியில் எரிபொருள் உள்ளே வந்துகொண்டிருந்தால் சாவியால் பயனில்லை.

அந்த வேறு எரிபொருள் பெரும்பாலும் எஞ்சின் ஆயில்தான். டர்போவின் ஆயில் சீல் தேய்ந்து கசியலாம். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்த எஞ்சினில் ஆயில் ஆவி பிரீதர் குழாய் வழியே காற்றுப் பாதைக்குள் போகலாம். நண்பரின் காரில் நடந்ததுபோல், அளவுக்கு மீறி ஊற்றிய ஆயிலும் அதே வழியில் போகும். வேகம் கூடக்கூட அதிக ஆயில் உறிஞ்சப்படும்; அதனால் வேகம் மேலும் கூடும்.

காற்றில் கலந்த எரிவாயுவும் இதைச் செய்யும். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் எரிபொருள் ஆவி வெளியேறிப் பரவியது. அருகே ஓடிக்கொண்டிருந்த ஒரு டீசல் வண்டியின் எஞ்சின் அதை உறிஞ்சித் தறிகெட்டு ஓடியது. அதிலிருந்தே ஆவி தீப்பற்றியிருக்க வேண்டும் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். 15 பேர் இறந்தனர். சுமார் 180 பேர் காயமடைந்தனர்.

ரயிலில் நாங்கள் பராமரித்த டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினின் உச்ச வேகம் நிமிடத்திற்கு 1000 சுற்று. அதற்குச் சற்று மேலே போனாலே 'ஓவர்ஸ்பீடு ட்ரிப்' என்ற சாதனம் டீசலை நிறுத்திவிடும். ஆனால் அதுவும் டீசலைத்தான் நிறுத்தும். ஆயிலை எரித்து ஓடும் எஞ்சினை நிறுத்த, காற்றை அடைக்க வேண்டும்.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

1. கார் நின்றுகொண்டிருந்தால் உடனே சாவியைத் திருப்புங்கள். சில புதிய கார்களில் அப்போது காற்றுப் பாதையும் மூடிக்கொள்ளும்.

2. அப்படியும் நிற்காவிட்டால், கியர் வண்டியில் கால் பிரேக்கை முழுப் பலத்துடன் மிதித்து, கைப் பிரேக்கையும் இழுத்து, உச்ச கியரைப் போட்டுக் கிளட்சை விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிடும். முன்னால் ஆள் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேகம் ஏறிய பிறகு இது பலிக்காமல் போகலாம். தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் இந்த வழி இல்லை.

3. ஓடும் காரில் சாவியை வெளியே எடுக்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். பிரேக்கை உறுதியாக மிதித்து ஓரம் கட்டுங்கள்.

4. எதுவும் பலிக்காவிட்டால் எல்லோரும் இறங்கித் தொலைவில் போய் நில்லுங்கள். பானெட்டைத் திறக்க வேண்டாம். காற்றுக் குழாயைக் கையாலோ துணியாலோ அடைக்க முயல்வது ஆபத்து. தட்டையான பலகையாலோ கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானாலோ அடக்குவது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை.

வருமுன் காக்க

வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறிய பிறகு, சமதளத்தில் நிறுத்தி ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. ஊற்றாமலேயே அளவு கூடியிருந்தால், டீசல் அதில் கலந்துகொண்டிருக்கலாம். அந்தக் காரை ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். நீலப் புகை வந்தாலோ ஆயில் வேகமாகக் குறைந்தாலோ டர்போவைச் சோதிக்கச் சொல்லுங்கள். நெடுந்தூரம் வேகமாக ஓட்டி வந்தால், ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணைப்பது டர்போவுக்கு நல்லது.

ஊருக்குப் புறப்படும் முன் டயருக்குக் காற்றுப் பார்க்கிறோம். ஆயில் கம்பியைத் துடைத்துப் பார்க்க அதைவிடக் குறைந்த நேரம்தான் ஆகும்.