பெட்ரோலில் இருந்த ஈயமும் ஒரு தாத்தாவின் கேள்வியும்

குழந்தைகள் நலப் பிரிவுக்கு அண்மையில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் அழைத்துவரப்பட்டான். மூன்று மாதங்களாக இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் இரத்தசோகை சரியாகவில்லை. அடிக்கடி வயிற்றுவலி, சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னும் பழக்கமும் இருந்தது. இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கவேண்டும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தபோது, உடன் வந்திருந்த தாத்தா கேட்டார்: "டாக்டர், அன்லெடட் பெட்ரோல் வந்து இருபத்தஞ்சு வருஷம் ஆச்சே. இன்னும் எங்கிருந்து ஈயம் வரும்?" அவர் கார் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. புறநோயாளர் பிரிவில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் அதற்கு விடை சொல்ல இயலவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, உரிய நேரத்துக்கு முன் தாறுமாறாக வெடித்தால் 'டக் டக்' என்ற ஓசை எழும், ஆற்றலும் வீணாகும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். 1921-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர், டெட்ரா எத்தில் லெட் எனும் ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தாலே இந்த ஓசை அடங்குவதைக் கண்டார். சாராயத்திலிருந்து கிடைக்கும் எத்தனாலைக் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பது அந்த ஆய்வாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் எத்தனாலை நிறையக் கலக்கவேண்டும். யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். அதற்குக் காப்புரிமை வாங்க வழியில்லை. ஈயமோ மலிவு, உரிமையும் தங்களிடமே இருக்கும். 1923-இல் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் விற்பனை தொடங்கியது. விற்பனைப் பெயர் 'எத்தில்'. அந்தப் பெயரில் ஈயம் என்ற சொல்லே கிடையாது.

ஈயம் நஞ்சு என்பது அன்றைய மருத்துவர்களுக்குப் புதிய செய்தியன்று. அச்சகத் தொழிலாளர்களிடமும் வண்ணப்பூச்சுத் தொழிலாளர்களிடமும் அதை அவர்கள் கண்டிருந்தார்கள். டெட்ரா எத்தில் லெட் அதனினும் கொடியது. தோல் வழியாகவே உடலுக்குள் புகுந்து மூளையைத் தாக்கும். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இதைத் தயாரித்த தொழிலாளர்கள் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்களைக் கண்டு அலறினார்கள். ஐவர் இறந்தனர். அம்மாத இறுதியில் மிட்ஜ்லி செய்தியாளர்களை அழைத்து, அவர்கள் கண்முன்னே அந்தத் திரவத்தில் கைகளைக் கழுவி, ஆவியை முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டில்தான் அவரே ஈய நச்சுக்காக ஓய்வெடுத்துச் சிகிச்சை பெற்றிருந்தார் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

1925 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமைப் பொது மருத்துவ அதிகாரி ஒரு மாநாட்டைக் கூட்டினார். தொழில் நச்சுகளை ஆராய்ந்தவரும், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியருமான ஆலிஸ் ஹாமில்டன் அங்கே எதிர்ப்புத் தெரிவித்தார். ஈயம் உள்ள இடத்தில் இன்றோ நாளையோ ஈய நோய் வந்தே தீரும் என்பது அவர் வாதம். எதிர்த் தரப்பில் ஒருவர் இந்தச் சேர்மத்தைக் கடவுள் தந்த கொடை என்றே வருணித்தார். அடுத்த ஆண்டு வந்த குழு அறிக்கை, தடை செய்யப் போதிய காரணம் இல்லை, ஆயினும் ஆய்வு தொடரவேண்டும் என்றது. தொடர்ந்த ஆய்வுகளோ பெரும்பாலும் அந்தத் தொழிலின் பணத்தில் நடந்தவை. ராபர்ட் கீஹோ என்ற மருத்துவர் அவற்றை முன்னின்று நடத்தினார். மனித உடலில் ஈயம் இயல்பாகவே உண்டு, குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால்தான் தீங்கு என்பது அவர் நிலைப்பாடு. அவர் வகுத்த எல்லை, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 80 மைக்ரோகிராம். இன்று ஒரு குழந்தையிடம் அந்த அளவைக் கண்டால் நாங்கள் அன்றே உள்நோயாளியாகச் சேர்த்துவிடுவோம்.

இந்த நிலைப்பாட்டை அசைத்தவர் மருத்துவர் அல்லர் என்பதைச் சற்று வெட்கத்துடனேயே சொல்லவேண்டியிருக்கிறது. பூமியின் வயதைக் கணித்த புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன்தான் அவர். பாறைகளில் ஈயத்தை அளக்க முனைந்தபோது, எங்கும் பரவியிருந்த ஈயத் தூசி அவருடைய சோதனைகளைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தேடினார். மனிதரிடம் காணப்படும் ஈயம் இயற்கையானதன்று, மனிதரே பரப்பியது என்று 1965-இல் எழுதினார். 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற மருத்துவர் பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அளந்தார். நோய் என்று சொல்லத்தக்க எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைகளே அவர்கள். ஆயினும் பல்லில் ஈயம் மிகுந்தவர்களிடம் அறிவுத்திறன் மதிப்பெண்ணும் வகுப்பில் கவனமும் குறைந்திருந்தன.

இதற்கிடையே அரசியல் தன் வழியில் நடந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1973-இல் ஈயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் விதிகளை அறிவித்தது. அதே ஆண்டில்தான் எண்ணெய் ஏற்றுமதித் தடையால் எரிபொருள் விலை ஏறியது. விலை இன்னும் ஏறும், சிறு சுத்திகரிப்பு ஆலைகள் மூடப்படும் என்று எதிர்ப்பாளர்கள் முறையிட்டனர். வழக்குத் தொடுத்தார்கள், 1976-இல் நீதிமன்றம் முகமையின் பக்கம் நின்றது. 1975 முதல் புதிய கார்களில் பொருத்தப்பட்ட கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கைகொடுத்தது. அதில் ஈயம் பட்டால் பாழாகிவிடும் என்பதால் அந்தக் கார்களுக்கு ஈயமற்ற பெட்ரோல் கட்டாயமாயிற்று. குழந்தைகளின் மூளைக்காகச் செய்யாததைப் புகைக்குழாயில் உள்ள ஒரு கருவிக்காகச் செய்தார்கள் என்று சொல்வது சற்று மிகை, முற்றிலும் மிகையன்று. அப்போதும் ஈயம் கலந்த பெட்ரோல் காலனுக்குச் சில சென்ட் மலிவாக இருந்ததால், டாங்கின் குறுகிய வாயை உடைத்து அதையே ஊற்றிக்கொண்டவர்கள் பலர்.

1976 முதல் 1980 வரை அங்கே நாடு தழுவிய சுகாதார ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அந்த நான்கு ஆண்டுகளில் மக்களின் இரத்தத்தில் சராசரி ஈய அளவு ஏறத்தாழ 37 விழுக்காடு குறைந்திருந்தது. பெட்ரோலில் விற்ற ஈயத்தின் வரைபடத்தையும் இரத்த ஈயத்தின் வரைபடத்தையும் அருகருகே வைத்தால் இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன. விதிகளைத் தளர்த்தலாமா என்று 1982-இல் ஆலோசித்த அரசு, இதன் பின் 1985-இல் அவற்றை மேலும் இறுக்கியது. 1996-இல் சாலை வாகனங்களுக்கு ஈய பெட்ரோல் அங்கே முற்றிலும் தடையானது. இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் வந்தது. உலகில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-இல்.

ஆக, தாத்தா சொன்னது சரி. பெட்ரோல் வழி அடைபட்டுவிட்டது. மற்ற வழிகள் அடைபடவில்லை. சிறுவனின் தந்தை பழைய பேட்டரிகளை வாங்கி உடைத்து, ஈயத் தட்டுகளைப் பிரித்து விற்கும் கடையில் வேலை செய்கிறார் என்பது இரண்டாம் முறை கேட்டபோதுதான் தெரிந்தது. வேலைச் சட்டையுடனேயே வீட்டுக்கு வந்து மகனைத் தூக்கிக்கொள்வாராம். வேறு வீடுகளில் பழைய பெயின்ட்டின் உதிர்ந்த செதில், நிறத்துக்காக லெட் குரோமேட் கலந்த மஞ்சள்தூள், ஈயம் கலந்த கண்மை, முறையாகத் தயாரிக்கப்படாத செந்தூரம் ஆகியவை காரணமாக இருக்கலாம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர் உடல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை ஏற்கிறது. சிறு குழந்தையின் உடல் பாதியளவுகூட ஏற்றுக்கொள்ளும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்திருந்தால் இன்னும் அதிகம். சுண்ணாம்பு தின்னும் சோகைக் குழந்தையைக் கண்டால் நாங்கள் ஈயத்தை நினைப்பது அதனால்தான்.

சிறுவனின் முடிவு வந்தது. மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்றும் எல்லையாகிய 45 மைக்ரோகிராமை எட்டவில்லை; ஆனால் விட்டுவிடக்கூடிய அளவுமன்று. தந்தை கடையிலேயே குளித்து உடை மாற்றி வரவேண்டும். அந்த உடையைத் தனியே துவைக்கவேண்டும். வீட்டைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும் என்று சொன்னோம். இரும்புச்சத்து மருந்தைத் தொடர்ந்து கொடுத்து, ஒரு மாதம் கழித்து மீண்டும் அளப்பதாக ஏற்பாடு. கடையை விட்டுவிடச் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. அந்த வீட்டில் வேறு வருமானம் இல்லை.

புறப்படும்போது தாத்தா இன்னொன்று கேட்டார். அந்நாளில் டியூபை வாயில் வைத்து உறிஞ்சித்தான் பெட்ரோல் இறக்குவார்களாம். கிரீஸ் பட்ட கையைப் பெட்ரோலில்தான் கழுவுவார்களாம். அந்த ஈயம் தம் உடலில் இன்னும் இருக்குமா? ஒரு பகுதி இருக்கக்கூடும். கால்சியம் என்று ஏமாந்து எலும்பு அதைச் சேர்த்துவைக்கும். பல பத்தாண்டுகள் அங்கே தங்கி, சிறிது சிறிதாக இரத்தத்துக்கு வந்துகொண்டிருக்கும். இரத்த அழுத்தம் உயரவும் சிறுநீரகம் பாதிக்கவும் அது ஒரு காரணமாகலாம். அவருக்கு எட்டு ஆண்டுகளாக இரத்த அழுத்தம் உண்டு. பேரனின் சீட்டுக்குக் கீழேயே அவர் பெயருக்கும் ஒரு சீட்டு எழுதி, கிரியாட்டினின் பரிசோதனையையும் சேர்த்து, ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தோம்.