மலை தந்த பாடம்

நுழையும்முன்

மகிழுந்து ஓடுவதற்கு எஞ்சின் காரணம் என்பதை அனைவரும் அறிவர். எஞ்சினில் பிறக்கும் விசை சக்கரத்தைச் சென்றடையும் வழியில் கியர் ஆற்றும் பணியை உணர்ந்தோர் சிலரே. சமவெளியில் இவ்வறியாமை எரிபொருளை வீணாக்கும். மலைச்சரிவிலோ உயிரையே பறிக்கும்.

முதல் நெடும்பயணம்

ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் பென்ஸ், தாம் உருவாக்கிய மூன்றுசக்கர ஊர்திக்கு 1886ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். எனினும், அதனை நம்பி வாங்க மக்கள் தயங்கினர். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் கூறாமலேயே, மகன்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு அவ்வகை ஊர்தி ஒன்றில் புறப்பட்டார். மன்ஹைம் நகரிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. பெட்ரோல் நிலையங்கள் தோன்றாத காலம் அது. துணிக்கறை போக்க விற்கப்பட்ட நீர்மத்தை மருந்துக்கடையில் வாங்கி எரிபொருளாக்கினார். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சீர்செய்தார்.

ஆனால், மேடுகள் அவரைச் சோதித்தன. ஏற்றங்களில் ஊர்தி திணறி நிற்க, இறங்கித் தள்ள நேர்ந்தது. இறக்கங்களில் மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்தன; செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் அவற்றிற்குத் தோல் பொருத்தச் செய்தார். பயணம் முடிந்தபின் மேடேறக் கூடுதல் கியர் ஒன்று தேவை எனக் கணவரிடம் எடுத்துரைத்தார். எஞ்சினின் விசையை நிலத்திற்கேற்ப மாற்றித் தரவேண்டும் என்பதே அம்மேடுகள் கற்பித்த பாடம்.

விசையும் வேகமும்

எஞ்சின் உருளையினுள் எரிபொருள் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. அத்தள்ளல் சுழற்சியாக மாறுகிறது. சுழற்றும் வலிமையே முறுக்குவிசை எனப்படும். எஞ்சின் மிக மெதுவாகச் சுழலும்போது இவ்விசை குறைவாகவே இருக்கும். வண்டியோ, நின்ற நிலையிலிருந்து நகரும்போதும் மேடேறும்போதும்தான் மிகுந்த விசையை வேண்டுகிறது. இம்முரணைத் தீர்த்துவைப்பது கியர்பெட்டி.

கடப்பாரையால் பாறையை நெம்புபவரின் கை நெடுந்தூரம் நகர்கிறது. பாறை சிறிதே நகர்கிறது. தூரத்தை விட்டுக்கொடுத்து அவர் வலிமையைப் பெறுகிறார். கியரும் அவ்வாறே வேகத்தை விட்டுக்கொடுத்து விசையைப் பெருக்குகிறது. சிறிய மகிழுந்து ஒன்றின் முதல் கியரில், எஞ்சின் ஏறத்தாழ 14 முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும். உராய்வில் இழப்பது போக, முறுக்குவிசை ஏறத்தாழ அத்தனை மடங்கு பெருகும். ஐந்தாம் கியரில் 3 சுழற்சிகளுக்கே சக்கரம் ஒருமுறை சுழன்றுவிடும். எஞ்சின் நிமிடத்திற்கு 2400 முறை சுழலும்போது, முதல் கியரில் வண்டி மணிக்கு 20 கிலோமீட்டரைக்கூட எட்டாது. ஐந்தாம் கியரில் 80 கிலோமீட்டரைக் கடந்து செல்லும். மேட்டில் உயர்ந்த கியரையே பற்றிக்கொண்டு ஆக்சிலரேட்டரை அழுத்துவோர், எஞ்சினைத் திணறச் செய்து எரிபொருளையும் வீணாக்குகின்றனர்.

இறக்கத்தின் காவலன்

ஏற்றத்தில் தோள்கொடுக்கும் தாழ்ந்த கியர், இறக்கத்தில் கடிவாளமாகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைச் சாலையில் இறங்கும் வண்டியை எண்ணிப் பார்க்கலாம். ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றத் தொடங்குகின்றன. எஞ்சினின் உள்ளுராய்வும், காற்றை உறிஞ்சி அழுத்தும் சுமையும் வண்டியைப் பின்னிழுக்கின்றன. கியர் தாழத் தாழ இப்பிடிப்பு இறுகும்.

இதனை மறந்து, எரிபொருள் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவோர் உளர். எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டில் செலுத்தும் இக்கால எஞ்சின்களில் இவ்வெண்ணம் பொருந்தாது. கியரில் இறங்கும்போது அவை பெரும்பாலும் எரிபொருளை முற்றிலும் நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலிலோ, எஞ்சின் அணையாதிருக்கத் தொடர்ந்து எரிபொருள் செலவாகும். மிச்சம் என்று கருதியது செலவாகவே முடிகிறது.

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. வண்டியைத் தடுக்கும் பொறுப்பு முழுவதும் பிரேக்கின்மீது விழுகிறது. இடைவிடாது அழுத்தப்படும் பிரேக் கடுமையாகச் சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் நீர்மம் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றினால், மிதித்த விசை சக்கரத்தைச் சென்றடையாது. மிதிகட்டை கீழே அமிழும், வண்டி நில்லாது. ஆகவேதான், இறங்கத் தொடங்குமுன்பே கியரைத் தாழ்த்துதல் வேண்டும் என்பர். கியர் தானே மாறும் வண்டிகள் பலவற்றிலும் தாழ்ந்த கியரை நிலைநிறுத்தும் வசதி உண்டு.

தெரிந்து தெளிவோம்

மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே மிகுந்த முறுக்குவிசையைத் தரவல்லது. எனவே, மின்மகிழுந்துகளுள் பெரும்பாலானவற்றிற்கு ஒரே கியர் போதுமானது. இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாகி, வண்டியின் வேகத்தைக் குறைத்து மின்கலத்தில் மின்னாற்றலைச் சேமிக்கும்.

நிறைவாக

பெர்த்தா பென்ஸ் மேட்டில் கண்ட குறைக்கும், பள்ளத்தில் கண்ட குறைக்கும் விடை ஒரே கியர்பெட்டியில் அடங்கியிருக்கிறது. எத்துணை ஆற்றல்மிக்க எஞ்சினாயினும், இடமறிந்து அதன் விசையைக் கையாள்பவரே நல்ல ஓட்டுநர். ஏறிய கியரிலேயே இறங்குக என்னும் ஓட்டுநர்களின் அனுபவ மொழி, அறிவியலுக்கு இசைந்தது. உயிர் காப்பதும் ஆகும்.

கற்பவை கற்றபின்

1. மலைப்பாதையில் பேருந்து ஓட்டும் ஓட்டுநர் ஒருவரிடம் நேர்காணல் நிகழ்த்தி, அவர் கியர் மாற்றும் முறையைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.
2. மலைச்சாலையின் தொடக்கத்தில் வைப்பதற்கேற்ற எச்சரிக்கைத் தொடர்கள் மூன்றினை உருவாக்குக.