மிருகத்தின் ஒரு நாளை எழுது

அன்புள்ள தம்பிக்கு,

நம் ஆட்டத்துக்கு நீ எழுதி அனுப்பிய மிருகத்தைப் படித்தேன். புலி உடல், தேள் வால், வௌவால் இறக்கை, போதாததற்கு வாயில் நெருப்பு. சண்டை தொடங்கும் முன் அது காட்டில் என்ன செய்துகொண்டிருக்கும் என்றுதான் ஒரு வரிகூட இல்லை. ஆட்டக்காரர்கள் வரும்வரை சும்மா நிற்கிற மிருகத்தைக் கண்டு யாருக்குப் பயம் வரும்?

ஆந்தைக்கரடியை எடுத்துக்கொள். ஹாங்காங்கில் செய்த மலிவான பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைப் பார்த்து ஆட்ட வடிவமைப்பாளர் கேரி கைகாக்ஸ் உருவாக்கியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைப் பாத்திர ஆட்டத்தில் 1975-இல் நுழைந்து, இன்றும் ஆட்டக்காரர்களை ஓடவைக்கிறது. அதில் இருப்பது இரண்டே விலங்குகள். ஆனால் இரண்டும் உருவத்தோடு சுபாவத்தையும் கொண்டுவந்திருக்கின்றன. ஆந்தையின் பார்வைக்கும் கரடியின் மோப்பத்துக்கும் தப்பி ஒளிய இடமில்லை.

அதை ஆட்டத்தில் எப்படிக் காட்டுவாய்? செரிக்காத எலும்பையும் மயிரையும் ஆந்தை உருண்டையாகக் கக்கும். காட்டுப் பாதையில் தேங்காய் அளவுக்கு அப்படியோர் உருண்டை கிடக்கட்டும். குச்சியால் கிளறினால் மான் மயிர், நொறுங்கிய விலா எலும்பு, நடுவே ஒரு பித்தளை பெல்ட் கொக்கி. அதற்குமேல் நீ வாய் திறக்காதே. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஆட்டக்காரர்களே கேட்பார்கள்.

இனி கணக்கு. அந்த ஆட்டத்தின் மிருகக் கையேடான 2014 மான்ஸ்டர் மேனுவலில் ஆந்தைக்கரடிக்கு 59 ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி. ஒரு சுற்றில் அலகால் ஒரு கொத்து, நகத்தால் ஓர் அறை. இரண்டும் பட்டால் சராசரியாக 24 போய்விடும். முதல் லெவல் போர்வீரனிடம் இருப்பதே 12-ஐ ஒட்டித்தான். ஓடலாமென்றால் மனிதனுக்குச் சுற்றுக்கு 30 அடி, அதற்கு 40. ஆகவே தப்பிக்கும் வழியை நீதான் யோசித்து வைக்க வேண்டும். இறைச்சியை வீசினால் நின்று தின்னுமா? குட்டி இருக்கும் குகையை விட்டு எவ்வளவு தூரம் துரத்தும்? வழியே வைக்காமல் கொன்றுபோட்டால் ஆட்டக்காரன் மிருகத்தைத் திட்டமாட்டான், உன்னைத்தான் திட்டுவான்.

உன்னுடையதில் இறக்கையையும் நெருப்பையும் எடுத்துவிடு. புலியும் தேளும் போதும். புலி பதுங்கிப் பின்னாலிருந்து பாயும். தேள் பகலெல்லாம் கல்லிடுக்கில் கிடக்கும். இவற்றை வைத்து அதன் ஒரு நாளை எழுது: எங்கே படுக்கும், எதைத் தின்னும், எதற்குப் பயப்படும். எண்களைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

முடிந்ததும் சொல், ஆடிப் பார்ப்போம். முதல் லெவல் திருடனாக நான் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்