தண்டுவடம்: அமைப்பும் காவலும்

முதுகெலும்பையும் தண்டுவடத்தையும் ஒன்றென எண்ணுவோர் பலர். முதுகெலும்பு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்ற முள்ளெலும்புகளின் தொடர். அவற்றின் துளைகள் இணைந்து உண்டாகும் குழாயினுள் அமைந்துள்ள மென்மையான நரம்புத் திசுவே தண்டுவடம். முன்னது காவல்; பின்னது காக்கப்படும் பொருள்.

அமைப்பு

மூளையின் அடியிலுள்ள முகுளத்தின் தொடர்ச்சியாகத் தண்டுவடம் தொடங்குகிறது. வளர்ந்தவர்களிடம் இதன் நீளம் ஏறத்தாழ 45 செ.மீ.; பருமன் சுண்டுவிரல் அளவே. மூன்று உறைகள் இதனைப் போர்த்தியுள்ளன. உள்ளிரண்டு உறைகளுக்கிடையே நிறைந்துள்ள தெளிந்த திரவம் அதிர்ச்சியைத் தாங்குகிறது.

குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவே பட்டாம்பூச்சி வடிவில் சாம்பல் நிறப் பகுதியும் சுற்றிலும் வெண்ணிறப் பகுதியும் தோன்றும். முன்னதில் நரம்பணுக்கள் உள்ளன. பின்னதில் மூளைக்குச் செய்தி ஏற்றிச் செல்லும் இழைகளும் கட்டளை இறக்கி வரும் இழைகளும் செல்கின்றன.

தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் புறப்படுகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதன் கீழுள்ள திரிகத்தில் 5, வாலெலும்பில் 1. ஒவ்வொரு நரம்புக்கும் இரண்டு வேர்கள். பின்வேர் உணர்ச்சியை உள்ளே கொணர்கிறது. முன்வேர் இயக்கக் கட்டளையை வெளியே அனுப்புகிறது. சூடான பாத்திரத்தைத் தொட்டவுடன், மூளை வலியை உணருமுன்பே கை விலகுவது தண்டுவடத்தின் செயலாகும்.

எங்கே முடிகிறது?

கருவின் தொடக்க மாதங்களில் தண்டுவடம் எலும்புக் குழாய் முழுவதும் நிறைந்திருக்கும். பின்னர் எலும்பு விரைந்து வளர்வதால், வளர்ந்தவர்களிடம் அது இடுப்பின் முதல், இரண்டாம் முள்ளெலும்புகளின் அளவிலேயே நின்றுவிடுகிறது. அதன்கீழே நரம்பு வேர்கள் குதிரைவால் போலத் தொங்குகின்றன. அறுவை சிகிச்சைக்காக முதுகில் மயக்க ஊசி செலுத்தும் மருத்துவர், தண்டுவடம் முடிந்த இடத்திற்குக் கீழேதான் அதனைச் செலுத்துகிறார்.

காவல் உடையும்போது

தோலும் எலும்பும் காயம்பட்டால் மீண்டும் கூடும். அறுந்த தண்டுவட இழைகள் அவ்வாறு கூடுவதில்லை. காயம் எவ்வளவு மேலே நேர்கிறதோ அவ்வளவு இழப்பு மிகும். இடுப்பருகே நேர்ந்தால் கால்கள் செயலிழக்கலாம். கழுத்தில் நேர்ந்தால் கைகளும் செயலிழக்கலாம். மூச்சை இயக்கும் உதரவிதானத்தின் நரம்பு கழுத்தின் 3, 4, 5 ஆம் பகுதிகளிலிருந்து வருவதால், அதற்கு மேல் நேரும் காயம் சுவாசத்தையே நிறுத்தக்கூடும்.

ஆகவே விபத்தில் வீழ்ந்தவரைக் கண்டால், இரக்க மிகுதியால் கைகால்களைப் பற்றித் தூக்குதல் கூடாது. எழுப்பி உட்காரவைத்தலும் கூடாது. எலும்பு மட்டும் முறிந்து தண்டுவடம் தப்பியிருக்கலாம். நாம் அசைப்பதே அதனைச் சிதைத்துவிடக்கூடும். 112 எண்ணை அழைத்து, தலையையும் கழுத்தையும் இருந்த நிலையிலேயே அசையாமல் இரு கைகளாலும் தாங்கியிருக்க வேண்டும். தீ முதலான ஆபத்து சூழ்ந்து நகர்த்தியே தீரவேண்டுமெனில், பலர் சேர்ந்து தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு நகர்த்துக. மூச்சு நின்றிருப்பின் அதை மீட்பதே முதற்கடமை.

உதவும் உள்ளத்தோடு உதவும் முறையும் சேர்ந்தால்தான் தொண்டு முழுமை பெறும்.