மேசைக்கு வந்த ஒலிபெருக்கி

கே: கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறேன். பத்தாயிரம் ரூபாய் வரை செலவழிக்க முடியும். கடையில் '2000 வாட்ஸ்' என்று எழுதிய பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. '42 வாட்ஸ்' என்று எழுதியது அதைவிடப் பல மடங்கு விலை. இதில் எது உண்மை? ஸ்பீக்கர் என்ற பொருள் எப்படித்தான் வந்தது?
(கல்லூரி மாணவர், திண்டுக்கல்)

ப: 42தான் உண்மை. 2000 என்பது 'பி.எம்.பி.ஓ.' கணக்கு. அதற்கு ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் கிடையாது. அட்டைப்பெட்டி அச்சடிப்பவர் விரும்பிய எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். ஸ்பீக்கரோடு வரும் அடாப்டரைக் கையில் எடுத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். 'அவுட்புட் 12 வோல்ட், 1 ஆம்பியர்' என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 12 வாட்ஸ். உள்ளே போவதே 12 வாட்ஸ் என்றால், 2000 வாட்ஸ் தொடர்ந்து வெளியே வர வழியே இல்லை. நீங்கள் தேட வேண்டியது, தொடர்ந்து தரும் சக்தியைக் குறிக்கும் 'ஆர்.எம்.எஸ்.' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்ணை.

மேசைக்குப் பெரிய எண் தேவையும் இல்லை. வீட்டு ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி 85 டெசிபல் கேட்பது சாதாரணம். நீங்கள் மேசையில் உட்காருவது 60 செ.மீ. தூரத்தில், அங்கே அதே ஒரு வாட் 89 டெசிபலைத் தொடும். தொழிலாளர்கள் நாளுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்று அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் உச்ச அளவே 85தான்.

இனி பிறப்புக் கதை. காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருளைத் தொங்கவிட்டு, அதில் மின்சாரம் பாய்ந்தால் சுருள் அசையும் என்ற அமைப்புக்கு ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ் 1874-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் குரலைக் கொண்டுவர அது அப்போது பயன்படவில்லை. 1898-ல் இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் அதே சுருளைப் பேசவைக்க முயன்றார். மின்னோட்டத்தைப் பெருக்கிக் கொடுக்க அன்றைக்கு ஆம்ப்ளிஃபயர் இல்லாததால் அதுவும் அந்த அளவோடு நின்றது.

கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் சுருளோடு ஒரு பெரிய குழாயைப் பொருத்தினார்கள். 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூட்டத்துக்கு முன் அதை முழங்கவைத்தார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் மேக்னவாக்ஸ். 1919-ல் சான் டியகோவில் அதிபர் உட்ரோ வில்சன் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேச, மைதானம் முழுக்கக் கேட்டது. நம் ஊர்த் திருவிழாக்களில் மரத்தில் கட்டும் மைக் செட் குழாய் அந்த வம்சம். தூரம் போகும், ஆனால் தவிலின் அடித்தொனி அதில் வராது.

குழாயைக் கழற்றி எறிந்தவர்கள் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வாளர்கள் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக். சிறிய காகிதக் கூம்பு, அதன் முனையில் சுருள், ஓரத்தில் இளகிய வளையம், எல்லாவற்றையும் தாங்க ஒரு பலகை. 1925-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் இருந்த இந்த அமைப்புதான் இன்று கடையில் இருக்கும் ஏறக்குறைய எல்லா ஸ்பீக்கருக்குள்ளும் இருக்கிறது. அதை வைத்து வந்த 'ரேடியோலா 104' பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தே இருந்தது. உங்கள் மேசைக்கு வரப்போகும் பொருளுக்கு முப்பாட்டன் அதுதான்.

கே: கூம்பும் காந்தமும்தான் ஸ்பீக்கர் என்றால், வெறும் மரப்பெட்டிக்கு ஏன் இவ்வளவு காசு?
(இல்லத்தரசி, மதுரை)

ப: கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. பெட்டி இல்லாவிட்டால் பின்பக்கத்து அலை சுற்றி வந்து முன்பக்கத்து அலையை அழித்துவிடும். முதலில் காணாமல் போவது பேஸ் என்ற அடித்தொனி. அதனால் பெட்டியும் ஸ்பீக்கரின் உறுப்பே.

பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் பெட்டியில் அளவாக ஒரு துளை போட்டு, பின்பக்கத்து அலையையும் பேஸுக்கு உதவச் செய்தார். 1932-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று ஸ்பீக்கருக்குப் பின்னால் நீங்கள் பார்க்கும் ஓட்டை அதுதான். எட்கர் வில்ச்சர் எதிர்வழியில் போனார். பெட்டியை இறுக மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக வேலை வாங்கினார். அவரும் ஹென்றி க்ளாஸும் 1954-ல் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம், அலமாரியில் அடங்கும் பெட்டியிலிருந்து ஆழமான பேஸை வரவழைத்துக் காட்டியது. க்ளாஸின் பிற்காலக் கூட்டாளி ஆன்டன் ஹாஃப்மன் பெயரில் ஒரு விதி உண்டு: சின்னப் பெட்டி, ஆழ்ந்த பேஸ், குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். உள்ளங்கை அளவுப் பெட்டியில் 'அதிரும் பேஸ்' என்று எழுதியிருந்தால் இந்த விதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பெட்டியின் பக்கவாட்டை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று அடங்கினால் நல்லது. 'டொம்ம்' என்று நீண்டால், பாட்டோடு சேர்ந்து பெட்டியும் பாடும்.

கே: கம்ப்யூட்டரோடு ஸ்பீக்கர் எப்போது சேர்ந்தது?
(பள்ளி ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.க்குள் இருந்தது 'பீப்' போடும் சின்ன ஸ்பீக்கர். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்த பிறகுதான், மேசையில் இரண்டு ஸ்பீக்கர் வைக்கும் வழக்கம் பரவியது. அன்றைய குண்டு மானிட்டர் பக்கத்தில் காந்தம் வந்தால் திரையோரம் நிறம் திரியும். அதற்காகவே காந்தத்துக்குக் கவசம் போட்ட ஸ்பீக்கர்கள் வந்தன. இப்போதைய தட்டைத் திரைகளில் அந்தக் கவலை இல்லை.

கே: ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர் உள்ள ஹோம் தியேட்டர் செட்டும் அதே விலைக்குக் கிடைக்கிறதே. அது லாபமில்லையா? கடைசியாக எதைத்தான் வாங்குவது?
(வங்கி ஊழியர், சேலம்)

ப: லாபமில்லை. பத்தாயிரம் ரூபாயை ஆறு பெட்டிக்குப் பங்கு போட்டால் ஆறும் மட்டமாகத்தான் இருக்கும். பாட்டுக்கு இரண்டே போதும் என்பதை இங்கிலாந்தின் ஆலன் ப்ளம்லைன் காட்டிவிட்டார். திரையில் நடிகர் நகர்ந்தாலும் குரல் ஒரே இடத்திலிருந்து வருவது அவரை உறுத்தியதாம். 1931 டிசம்பரில் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம முக்கோணமாக அமைந்தால், பாடகரின் குரல் இரண்டுக்கும் நடுவே, ஸ்பீக்கரே இல்லாத இடத்திலிருந்து வரும். உயர்ந்த தொனிகளைத் தரும் ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். அதற்குப் பழைய புத்தகங்களை முட்டுக்கொடுத்தால் போதும். பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டவோ மூலையில் சொருகவோ வேண்டாம், பேஸ் குழம்பும்.

வாங்க வேண்டியது: ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஒரு ஜோடி, பேஸுக்கு மூன்றரை அல்லது நாலு அங்குல ஊஃபர், தனி ட்வீட்டர், மரப்பெட்டி. எடிஃபையர் ஆர்1280டி இந்த இனத்துக்கு நல்ல உதாரணம்: நாலு அங்குல ஊஃபர், 13 மி.மீ. பட்டு ட்வீட்டர், மொத்தம் 42 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். மேசை சிறியது, பணமும் குறைவு என்றால் கிரியேட்டிவ் பெப்பிள்: யு.எஸ்.பி. மின்சாரத்தில் ஓடும், கூம்பு 45 டிகிரி சாய்ந்து காதைப் பார்த்திருக்கும். ஆழ்ந்த பேஸ் வராது, ஆனால் குரல் தெளிவாக இருக்கும். தனி சவுண்ட் கார்டு, விலை உயர்ந்த கேபிள் இவற்றுக்குக் காசு வைக்க வேண்டாம். லேப்டாப்பில் சார்ஜர் செருகும்போது 'உர்ர்' என்று இரைந்தால் மட்டும் ஒரு சின்ன யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டரைப் போட்டுப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாட்டுகளை போனில் கொண்டுபோங்கள். ஒன்றில் குரல் மட்டும் தனித்து நிற்கட்டும், ஒன்றில் மிருதங்கமோ தவிலோ இருக்கட்டும். போட்டுக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.