விசைப்படகும் எரிநெய்த் தூய்மையும்

கடலோடுதல் தமிழ்மக்கட்குப் புதியதொரு தொழிலன்று. நாவாய், வங்கம், அம்பி, பஃறி, திமில் எனக் கலத்திற்குப் பல பெயர் வைத்து வழங்கிய மொழி நம் மொழி. ஆயின் அப்பழங்கலங்களை இயக்கியன காற்றும் கைவலியுமே. இக்காலத்து நம் கடற்கரையூர்களினின்று ஆழ்கடல் புகும் விசைப்படகுகளை இயக்குவது டீசல் எஞ்சின். காற்று ஓய்ந்தவழித் துடுப்பெடுத்த முன்னோர்க்கு இருந்த மாற்றுவழி, எஞ்சின் நின்ற விசைப்படகினர்க்கு இல்லை. பல டன் எடையுடைய கலத்தைத் துடுப்பால் தள்ளுதல் இயலுமோ? அவ்வெஞ்சின் நடுக்கடலில் நின்றுபோதற்குரிய காரணங்களுட் பெரியதொன்று அதனுட் புகும் எண்ணெயின் மாசு என்பதும், அம்மாசு பெரும்பாலும் படகு கரையில் ஓய்ந்திருக்கும் நாளிலேயே வளர்வது என்பதும் ஈண்டு விளக்கப்புகும் பொருளாம். இலக்கியம் பயிலும் மாணவன் எண்ணெய்த் தொட்டியினுள் தலையிடுவானேன் என்று நண்பர் சிலர் நகுதல் கூடும். நெய்தல் நிலத்து மாந்தரின் இரங்கலைப் பாட்டிற் பயில்வோர், அவ்விரங்கற்கு இன்றுள்ள காரணங்களுள் ஒன்றனை அறிந்துகொள்ளுதல் தவறாகாது.

டீசல் என்பது இன்று ஓர் எண்ணெயின் பெயராக வழங்கினும், முதற்கண் அஃது ஓர் அறிஞரின் பெயர். ருடால்ப் டீசல் என்னும் அச்செருமானியர் 1858-இல் பாரிஸ் நகரிற் பிறந்து, 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் தம் எஞ்சினை வெற்றியுற இயக்கிக் காட்டினார். 1900-இல் பாரிஸ் பொருட்காட்சியில் இவ்வகை எஞ்சினொன்று வேர்க்கடலை எண்ணெயாலேயே ஓடிற்று. 1913-இல் இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலினின்று அவர் இரவில் மறைந்து கடலில் மாண்டார்.

அவர் கண்ட எஞ்சினில் தீப்பொறி எழுப்பும் கருவி இல்லை. உருளையினுட் புகுந்த காற்றைப் பிஸ்டன் அழுத்த, அவ்வழுத்தத்தால் காற்று 500 பாகை செல்சியஸ் அளவிற்கு வெப்பமுறும். அக்கணத்தே எண்ணெய் நுண்டுளைகளின் வழியே பனிபோற் சிதறித் தானே தீப்பற்றும். எனவே எண்ணெயைத் தள்ளும் பம்பும், அதனைத் தூவும் இன்ஜெக்டரும் அவ்வெஞ்சினுக்கு உயிர்நிலை எனலாம். பழைய எஞ்சின்களில் தூவுதற்கு வேண்டிய அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 200 மடங்கு. புதிய காமன்ரெயில் எஞ்சின்களிலோ அது 1,600 மடங்கையும் கடந்து செல்லும். இத்துணை அழுத்தத்தில் எண்ணெய் கசியாதிருத்தற்பொருட்டு உறுப்புக்களுக்கிடையே சில மைக்ரான் இடைவெளியே விடப்பட்டுள்ளது. மைக்ரானாவது மில்லிமீட்டரின் ஆயிரத்திலொரு கூறு. நம் தலைமயிர் ஒன்றன் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். கண்ணுக்குப் புலப்படாத தூசியும் அவ்விடைவெளிக்குப் பாறையாம். அன்றியும் அவ்வுறுப்புக்கள் உராயுமிடத்து ஊடோடும் டீசலே மசகாகவும் உதவுகின்றது. அங்கு நீர் புகின் மசகு நீங்கித் தேய்வும் துருவும் உண்டாம்; வெம்மைமிக்க இன்ஜெக்டர் முனையில் நீர் திடீரென ஆவியாகி அம்முனையைச் சிதைத்தலும் உண்டு.

அந்நீர் எவ்வழிப் புகும் என்று நோக்குவாம். தளத்தின்மேலுள்ள எண்ணெய்வாயின் மூடியிற் பொருத்திய இரப்பர் வளையம் வெயிலால் வெடித்திருப்பின், தளத்தின்மேற் புரளும் ஒவ்வோர் அலையும் சிறிது நீரை உள்ளே விட்டுச் செல்லும். தொட்டியின் காற்றுக்குழாய் வாய் கீழ்நோக்கி வளைந்திராது நிமிர்ந்திருப்பின் மழையும் புகும். கரையில் வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்த டிரம் செய்யும் வஞ்சனை பலர் அறியாதது. அதன் மேல்முகத்தில் மழைநீர் தேங்கி நிற்கும். பகலில் விரிந்த உட்காற்று இரவிற் குளிர்ந்து சுருங்குங்கால், மூடியின் மரை வழியாக அந்நீர் உள்ளே உறிஞ்சப்படும். டிரம்மைக் கூரையின்கீழ் வைத்தல் வேண்டும். இயலாதாயின் மூடிகள் நீரில் மூழ்காவண்ணம் சாய்த்தேனும் வைத்தல் வேண்டும்.

இவற்றோடு, படகின் தொட்டியும் பகலிரவு வெப்ப வேற்றுமையால் மூச்சு விடுவதுபோலக் காற்றை வெளிவிட்டு உட்கொள்ளும். அங்ஙனம் புகுந்த கடற்காற்றின் ஈரம் வெற்றிடத்துச் சுவரில் வியர்த்து வழியும். இவ்வியர்வையே பெருங்காரணம் என்பார் பலர். எனக்கு மூடியின் பழுதே பெரிதெனத் தோன்றுகின்றது: வியர்வை துளியால் அளக்கப்படுவது, பழுதுற்ற மூடியின் வழியே ஓரிரவு மழையிற் புகுவதோ படியால் அளக்கப்படுவது. ஆயினும் தொட்டியை நிறைத்து வைப்பின் வியர்த்தற்குரிய சுவர் குறையுமாதலின், அவ்வழக்கத்தைக் கைவிட வேண்டுவதில்லை.

நம் கிழக்குக் கடற்கரையில் மீனினம் பெருகுதற்பொருட்டு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடித்தல் தடுக்கப்பட்டுள்ளது. 2017-க்கு முன்னர் இத்தடைக்காலம் 45 நாளாக இருந்தது. அந்நாட்களில் வலை செப்பனிடுவர், பழுதுற்ற பலகை மாற்றுவர், வண்ணம் பூசுவர். எண்ணெய்த் தொட்டியை நினைப்பார் சிலரே. கண்ணுக்குத் தெரியும் பழுதிற்கே கை முந்துதல் மக்களியல்பு போலும்! கோடை வெயிலில் அசைவற்றுக் கிடக்கும் அத்தொட்டியினுள் நிகழ்வது யாது? ஒரு லிட்டர் டீசலின் எடை 810 முதல் 845 கிராம் அளவினது. ஒரு லிட்டர் நீரின் எடை 1,000 கிராம். ஆகவே எண்ணெயிற் கலந்திருந்த நீர் மெல்ல மெல்ல இறங்கி அடியிற் படியும். அதனோடு துருத்துகளும் மண்ணும் சேரும். அடியில் நீரும் மேலே எண்ணெயுமாய் நிற்ப, இரண்டும் கூடும் எல்லையில் உயிர்கள் தோன்றும். நீரில் வாழ்ந்து எண்ணெயை உண்ணும் நுண்ணுயிர்கள் உள என்பது வியப்பினும் உண்மையே. அவற்றுட் பேர்பெற்றது அமார்போதிகா ரெசினே என்னும் பூஞ்சை. வானவூர்திகளின் எண்ணெய்த் தொட்டிகளிலும் இது தொல்லை விளைத்ததுண்டு. பழுப்பும் கருமையுமான பாசிபோற் படர்ந்து, அமிலம் சுரந்து, தொட்டியின் அடித்தகட்டையும் அரிக்கும். தாவர எண்ணெயினின்று செய்யப்படும் பயோடீசல் கலந்த எண்ணெய் தனி டீசலினும் மிகுதியாக ஈரத்தை ஏற்குமாதலின், ஆண்டு இவ்வுயிர்கட்கு இன்னும் வாய்ப்பு மிகும். நீரில்லையேல் அவை இல்லை.

இனித் தடை நீங்கிப் படகு கடல் புகுகின்றது. துறைமுகத்து அமைந்த நீரில் எஞ்சின் இனிதே ஓடும். ஏனெனில் உறிஞ்சுகுழாயின் வாய் அடித்தகட்டிற்குச் சற்று மேலே இருத்தலின் தெளிந்த எண்ணெயே வரும். கடல் கொந்தளித்துப் படகு உருளுந்தோறும் அடியிற் கிடந்தன யாவும் கலங்கி எழுந்து குழாயினுட் புகும். சிறிது பொழுதில் வடிகட்டி அடைபடும். எஞ்சின் ஏறியும் இறங்கியும் திணறிப் பின் நின்றுவிடும். எஞ்சின் எப்பொழுதும் காற்றுநாள் பார்த்தே நிற்கும் என்று கடலோடிகள் சொல்லிக்கொள்வதன் காரணம் இதுவே. நின்ற படகு அலைக்குப் பக்கம் காட்டிப் புரளும். பாக்கு நீரிணையிலோ வேறோர் இடரும் உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 30 கிலோமீட்டரே. அந்நீர்ப்பரப்பின் ஊடே 1974, 1976-ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட எல்லைக்கோடு செல்கின்றது. மேல்காற்றாகிய கச்சான் வீசுங்கால், எஞ்சின் நின்ற படகைக் காற்றே கிழக்கு நோக்கி எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும். வலைவீசச் சென்றவர் பிடிபட்டுச் சிறைபுகுதற்கு ஒரு படி அழுக்குநீரும் காரணமாதல் கூடும். வீட்டிலிருப்போர் அதனை எங்ஙனம் அறிவர்!

காப்புமுறைகளுள் முதலாவது, அடியிற் சேர்ந்த நீரை அடிக்கடி கழித்தல். தொட்டியின் தாழ்ந்த மூலையில் வடிகுழாய் ஒன்று இருத்தல் வேண்டும். காலையில் எஞ்சினை இயக்குமுன், இரவெல்லாம் படிந்ததைக் கண்ணாடிப் புட்டியிற் பிடித்து நோக்குக. தெளிந்த எண்ணெய் வருமளவும் கழித்து, பின்னர்க் குழாயை அடைக்க. நீர்பட்டால் நிறம் மாறும் பசை கடைகளிற் கிடைக்கும். அளவுகோலின் நுனியிற் பூசி அடிவரை இறக்கின் நீரின் ஆழம் புலப்படும்.

எண்ணெய் ஊற்றுங்காற் பழந்துணியால் வடிகட்டும் வழக்கம் பலவிடத்து உண்டு. துணி கல்லையும் மண்ணையும் தடுக்கும், நீரைத் தடுக்காது, தன் நூலிழையையும் உடன் அனுப்பும். நீரைப் பிரிக்கும் வலையமைந்த புனலே தக்கது. தொட்டிக்கும் குழாய்க்கும் துத்தநாகம் பூசிய இரும்பும் செம்பும் ஆகா. துத்தநாகம் எண்ணெயோடு கூடிச் சவர்க்காரம் போன்ற படிவை விளைக்கும், செம்பு எண்ணெய் கெடுதலை விரைவுபடுத்தும்.

வடிகட்டி இரண்டு வேண்டும். தொட்டிக்கும் பம்பிற்கும் இடையேயுள்ள முதல்வடிகட்டி, 10 முதல் 30 மைக்ரான் வரையுள்ள துகளைத் தடுத்து, அடியிலுள்ள கிண்ணத்தில் நீரையும் பிரித்துவைக்கும். எஞ்சினருகேயுள்ள இரண்டாவது அதனினும் நுண்ணியது. முதலதனை ஒன்றன்பக்கம் ஒன்றாக இரண்டு அமைத்து, ஒன்று அடைபட்டவழி மற்றொன்றிற்குத் திருப்பும் அமைப்புச் செய்துகொள்வார் உளர். செலவு சிறிது, பயன் பெரிது. நுண்வடிகட்டியைப் புதிதாக மாற்றுங்கால் கேனிலுள்ள எண்ணெயை அதனுள் ஊற்றி நிறைத்தல் தகாது. வடியாத எண்ணெய் நேரே பம்பினுட் செல்லும். கைப்பம்பினால் முதல்வடிகட்டி வழியாகவே நிறைத்தல் வேண்டும்.

பூஞ்சை படர்ந்துவிட்டதாயின் அதனைக் கொல்லும் மருந்து உண்டு. மருந்தை மட்டும் ஊற்றி அமைவோர், இறந்த பாசி திரள்திரளாகப் பெயர்ந்து வடிகட்டியை முன்னினும் விரைவாக அடைப்பதைக் காண்பர். தொட்டியைத் திறந்து கழுவியபின் இடும் மருந்தே பயன்தரும். அதற்குத் தடைக்காலத்தினும் ஏற்ற காலம் வேறில்லை.

இத்துணை செய்தும் எஞ்சின் கடலில் நிற்குமாயின், வடிகட்டியை மாற்றிய பின்னர்க் குழாயினுட் புகுந்த காற்றை வெளியேற்றுதல் இன்றியமையாதது. காற்று அழுத்தத்தால் சுருங்குமாதலின், குமிழி நின்ற குழாயில் இன்ஜெக்டர் திறவாது. வடிகட்டியின் மேலுள்ள காற்றுத்திருகைச் சிறிது தளர்த்திக் கைப்பம்பை அடித்துக்கொண்டே இருப்பின் முதலில் நுரையும், பின் குமிழியும், இறுதியில் தனியெண்ணெயும் வரும். அந்நிலையிற் பம்பை விடாதே திருகை முறுக்குதல் வேண்டும். எஞ்சின் ஓடுங்கால் உயரழுத்தக் குழாயின் கசிவைக் கையால் தடவிப் பார்த்தல் கொடிது. அவ்வூற்று தோலைத் துளைத்து உட்புகும். மாற்று வடிகட்டி, வளையங்கள், திருகுக்கேற்ற ஸ்பேனர், கைவிளக்கு ஆகிய இவற்றை எஞ்சின் அறையிலேயே ஓரிடத்து வைத்து, இருளிலும் கைக்கு எட்டும்வண்ணம் பழகிக்கொள்ளல் வேண்டும். கழித்த எண்ணெய்நீரைத் துறைமுகத்திற் கொட்டாது தனிக் கேனிற் சேர்த்துக் கரையிற் கொடுத்துவிடுக.